விதைத்தவள் ஒருத்தி, பெயர் பெற்றவர் ஒருவர்

புரட்டாதி பிறந்து பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் இங்கிலாந்தின் கிராமங்களிலே அப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் கிளை தாழ்ந்து நிற்கும். வீட்டுக்குப் பின்னால் ஒற்றை மரம் வைத்திருப்பவர்கூட, உண்டு தீராத பழங்களைக் கூடையில் இட்டு, வேண்டியவர் எடுத்துச் செல்லலாம் என்று எழுதி வாசலில் வைத்துவிடுவதுண்டு. மாம்பழக் காலத்தில் வேலிக்கு மேலாக அயல்வீட்டுக்குப் பழம் நீட்டும் நமக்கு அந்த மனம் புதிதன்று. இந்தப் பருவத்துக்கென்றே அங்கு ஒரு பண்டம் உண்டு. அதுவே அப்பிள் பை. தோளில் மாட்டும் பையை நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! வெண்ணெய் கலந்த மாவினால் மூடி, உள்ளே பழத்தை வைத்துப் போறணையிற் சுடும் பண்டத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது.

மிகப் பழைய பண்டமுந்தான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சமையற்காரர் தொகுத்த குறிப்புகளிலேயே இதன் மூதாதை காணப்படுகின்றது. அதிலே சீனி இல்லை. அத்திப்பழமும் முந்திரிகை வற்றலும் இனிப்பைத் தந்தன. நிறத்துக்குக் குங்குமப்பூ.

எந்த அப்பிளும் இதற்கு ஏற்றதென்று எண்ணலாகாது. உண்பதற்கு ஓர் இனம், சமைப்பதற்கு ஓர் இனம் என ஆங்கிலேயர் பிரித்து வைத்திருக்கின்றனர். சமைக்கும் அப்பிளைப் பச்சையாகக் கடித்தாற் பல் கூசும். ஆனால் சூடு பட்டதும் அது நுரைபோலக் குழைந்துவிடும். எவ்வளவு சீனி சேர்த்தாலும் புளிப்பின் சுவை அடங்கிப்போகாது. இவ்வினத்தில் முதன்மை பெற்றது பிராம்லி என்னும் பெரிய பச்சை அப்பிள். அதன் பெயர்க் கதையைச் சொல்லவே இவ்வாரம் இந்தப் பேச்சை எடுத்தேன்.

நொட்டிங்ஹாம்சயரிலே சவுத்வெல் என்ற சிற்றூர். 1809ஆம் ஆண்டில் அங்கே மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்னும் சிறுமி சில அப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்று மரமானது. 1846இல் அந்த வீட்டையும் தோட்டத்தையும் மத்தியூ பிராம்லி என்ற இறைச்சி வியாபாரி வாங்கினார். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுத் தோட்டக்கார இளைஞர் அம்மரத்தின் பழத்தின் அருமையைக் கண்டு, ஒட்டுக்கட்டக் கொப்புகள் தருமாறு கேட்டார். "தருகின்றேன், ஆனால் பழத்துக்கு என் பெயரையே இடவேண்டும்" என்பது வியாபாரியின் நிபந்தனை. அவ்வாறே ஆயிற்று. மேரி ஆன் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1852இற் காலமாகிவிட்டாள். தன் மரத்துக்கு வந்த புகழை அவள் அறியவேயில்லை.

அப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வருவதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புதுவகை. ஆகவே இனம் மாறாது பெருக்க ஒட்டுக்கட்டுதலே வழி. இன்று எந்த நாட்டில் நிற்கும் பிராம்லி மரமாயினும், அது அச்சிறுமியின் மரத்திலிருந்து கைமாறி வந்த கிளையே. நட்டவள் அவள், பரப்பியவர் மெரிவெதர். பிராம்லி செய்தது வீடு வாங்கியது மட்டுந்தான். சட்டப்படி மரம் அவருடையதென்பதை மறுக்கவில்லை. எனினும் என் மனம் ஒப்பவில்லை. நம் வீடுகளிற் தலைமுறையாகச் சமைக்கும் பண்டங்களுள் எத்தனைக்கு முதலிற் செய்தவளின் பெயர் நமக்குத் தெரியும்?

மூல மரம் ஒருமுறை புயலில் சாய்ந்து, கிடந்த அடிமரத்திலிருந்தே மீண்டும் தளிர்த்து எழுந்தது. பின்னர் பங்கசு நோய் அதனைப் பீடித்தபோது, நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் அதன் இழையத்திலிருந்து புதிய கன்றுகளை வளர்த்தெடுத்தனர்.

பழம் பறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இழுக்கக் கூடாது, உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கி இலேசாகத் திருகினால், முற்றிய பழம் காம்போடு கையில் வரும். அடிபடாதவற்றை ஒன்றோடொன்று முட்டாமல் கடதாசியிற் சுற்றிக் குளிர்ந்த இருண்ட அறையில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். விழுந்து அடிபட்டவை அன்றே சமையலறைக்குச் செல்லும். பையிற் பெரும்பகுதி இந்த விழுந்த பழங்களே. சிக்கனமான இல்லாளுக்கு வேறென்ன வேண்டும்!

செய்முறையைப் பார்ப்போம். 225 கிராம் கோதுமை மாவில் சிறிது உப்பும், குளிரவைத்துத் துண்டாக்கிய 110 கிராம் வெண்ணெயும் இட்டு விரல் நுனிகளால் உதிர்த்துவிடுக. பிட்டுக்கு மாக் குழைத்துப் பழகிய கைக்கு இது எளிது. அதே உதிரிப் பதம். பின் குளிர்நீரை மூன்று மேசைக்கரண்டி அளவில் சிறிது சிறிதாகத் தெளித்துத் திரட்டுக. பிசையக் கூடாது; பிசைந்தால் மேலோடு தோல்போல இறுகும். நமது வெக்கையில் வெண்ணெய் விரைவில் உருகுமாதலால், திரட்டிய மாவை அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அவசியம்.

முக்கால் கிலோ அப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டுகளாக்கி, 100 கிராம் சீனியும் இரண்டு மூன்று கராம்பும் சேர்த்துத் தட்டில் நடுவிலே குவித்து வைக்கவும். வேகும்போது பழம் அமிழ்ந்துவிடுமாதலாற் குவியல் உயர்ந்திருக்கட்டும். மாவைத் தட்டி விரித்து மூடி, ஓரத்தை அழுத்தி, ஆவி வெளியேற மேலே இரண்டு கீறல் இட்டுப் பால் தடவுக. 200 பாகை செல்சியசில் 20 நிமிடம், பின்பு 180இல் மேலும் 20 அல்லது 25 நிமிடம்.

இங்கே நமக்குக் கடையிற் கிடைப்பவை பெரும்பாலும் உண்ணும் அப்பிள்களே. பச்சை நிறத்துக் கிரானி ஸ்மித் கிடைத்தால் அதனைத் தெரிக. சிவப்புப் பழந்தான் கிடைத்ததென்றால் சீனியைப் பாதியாகக் குறைத்து, ஒரு தேசிக்காயின் புளியைப் பிழிந்துவிடுங்கள். அவை குழையாமல் துண்டாகவே நிற்கும். அதிலும் ஒரு சுவை உண்டு. ஒரு சிட்டிகை கறுவாத் தூள் நம் நாட்டுப் பங்காகச் சேரட்டும். போறணையிலிருந்து எடுத்ததும் வெட்டாதீர்கள். கால் மணி நேரம் பொறுத்தாற் சாறு உள்ளேயே நிற்கும். இங்கிலாந்தில் கஸ்ரட் ஊற்றி உண்பர். யோர்க்சயரில் ஒரு துண்டுப் பாற்கட்டியோடு. பிள்ளைகளுக்குக் கஸ்ரட்டே பிடிக்கும்.