பழையனூர் ஜாமீன்!

‘நீலிக் கண்ணீர் வடிக்காதே!’ என்று வீட்டில் திட்டு வாங்காதவர் உண்டா? அந்த நீலியின் ஊர்தான், திருவாலங்காட்டை ஒட்டியிருக்கும் பழையனூர்.

‘இவர் என் புருஷன்’ என்று இடுப்பில் பிள்ளையோடு ஒரு வணிகனைத் துரத்தி வருகிறாள் நீலி. ‘இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்’ என்று அவன் அலறுகிறான். ஊர் வேளாளர்கள் 70 பேர் அவள் அழுகையை நம்பிவிடுகிறார்கள். ‘உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு இருக்கிறது.

ரத்தின சபையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இது பேய்க்கதை. எனக்கு ஜாமீன் கதையாகப் படுகிறது. வழிப்போக்கன் ஒருவனுக்கு 70 ஜாமீன்தாரர்கள்! இன்று நீதிமன்றம் கேட்கிற இரண்டு பேர் கிடைக்காமலே பலர் சிறையில் இருக்கிறார்கள்.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்.

1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஜாமீன் கிடைத்தும் அவரால் வெளியே வர முடியவில்லை. 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்ட்ரேட். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். ஆந்திர எல்லையில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை புரியும். பாதிச் சொந்தம் அந்தப் பக்கம்தானே!

‘கிரிமினாலஜி படிக்கிறேன்’ என்று பிள்ளை சொன்னால், ‘துப்பறியப் போறியா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித்துறையே உண்டு. குற்றம் ஏன் நடக்கிறது என்பதோடு, பிடிபட்டவர் என்ன ஆகிறார், பாதிக்கப்பட்டவருக்கு யார் பதில் சொல்வது என்பதும் பாடம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ‘பிரயாஸ்’ திட்டம் 1990-லிருந்து சிறைக்குள்ளேயே போய் வேலை செய்கிறது. சிறை அதிகாரிகளுக்கான பயிற்சி நிறுவனமோ, நமக்குப் பக்கத்தில் வேலூரிலேயே 1979-லிருந்து இருக்கிறது.

2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 479-வது பிரிவு, முதன்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது கிடையாது. நாளைக் கணக்கிட்டு நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். ஒவ்வொரு கைதியின் தேதியையும் அவருக்கு எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? இந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.