மடங்கிய ஆணியும் மறைந்த ஏடும்

அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் சிறியதொரு மரப்பெட்டியுடன் என் இல்லத்துக்கு வந்தார். கொழும்பிலே நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். பழங்கத்திகளைத் தேடிச் சேர்ப்பதில் விருப்புடையவர். பெட்டியைத் திறந்தார். பட்டுத்துணியின் மேல் ஏழு மடக்குக் கத்திகள் கிடந்தன. ஷெபீல்ட் நகரத்துப் பேனாக்கத்திகள் இரண்டு. சோலிங்கன் நகரத்தது ஒன்று. நம்மூர்க் கொல்லர் ஒருவர் அடித்த வில்லுக்கத்தி ஒன்று. மற்றை மூன்றும் மடக்கெழுத்தாணிகள்.

"ஐயா, இவற்றுள் எது சிறந்தது என்று சொல்ல வேண்டும்" என்றார்.

இலக்கணம் படிப்பிப்பவனிடம் கத்திக்கு மதிப்புக் கேட்பதா என்று வாசகர் நகைக்கலாம். நகைப்புக்கு இடமில்லை. கத்திக்கும் கல்விக்கும் உள்ள உறவு பழையது. பேனாக்கத்தி என்னும் பெயரையே நோக்குக. மேனாட்டார் பறவையின் இறகைச் சீவி எழுதிய காலத்தில், அவ்வாறு சீவுதற்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த சிறு கத்தியே அது. இறகு போயிற்று, பெயர் நின்றது. நம் முன்னோருக்கோ ஓலையை வாரவும் வேண்டும், வாரிய ஓலையில் எழுதவும் வேண்டும். ஆகவே ஒரே பிடிக்குள் கத்தியும் எழுத்தாணியும் மடங்கி அடங்கும்படி செய்துகொண்டனர். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எடுத்துரைத்திருக்கின்றார். அவற்றுள் மடக்கெழுத்தாணியே மடியிற் செருகிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லத் தக்கது. நம் நாட்டுச் சட்டைப்பைக் கத்தி எது என்று கேட்பார்க்கு அதனையே காட்டலாம்.

மாணாக்கர் உள்ளம் தந்தப் பிடியும் வெள்ளிக் கட்டும் உடைய ஆணியின்மேற் சென்றிருந்தது. நான் எடுத்ததோ மான்கொம்புப் பிடியுடன் கறுத்துக் கிடந்த இன்னொன்றை. அவர் முகம் சிறிது வாடிற்று. காரணம் சொன்னேன்.

மடக்குக் கருவிக்கு உயிர்நிலை அதன் மூட்டு. ஆணியை விரித்து, நுனியை விரலாற் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். தந்தப் பிடியுடையது தளர்ந்து ஆடிற்று. கொம்புப் பிடியுடையது அசையவில்லை. என் கைக்கு வந்த மடக்கெழுத்தாணிகளில் வில் இல்லை. மூட்டில் அறைந்த ஆணியின் இறுக்கமே அலகை நிறுத்துகின்றது. மிக இறுக்கினால் நகம் முறியும். நெகிழ விட்டால் எழுத்துச் சிதறும். அந்த இடைநிலையைக் கண்டு அறைந்து நிறுத்திய கொல்லனுடைய கை நூறாண்டுக்குப் பின்னும் பிழைக்கவில்லை. மடக்கியபோது நுனி பிடிக்குள் முற்றும் அடங்குகின்றதா, பிடியின் இரு பக்கமும் இரும்போடு இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா, அறைந்த ஆணியின் தலை விரலை உறுத்தாமல் மட்டமாக இருக்கின்றதா என்பனவும் பார்க்கத் தக்கன. ஷெபீல்ட் கத்தியைச் சேர்ப்பவரும் ஏறத்தாழ இவற்றையே பார்ப்பர். நல்ல வேலைப்பாட்டுக்கு நாடு வேறில்லை.

ஆயினும் நம் கருவிக்கு மேலும் ஒரு சோதனை உண்டு. பனையோலையின் நார் நெடுக்காக ஓடுவது. அந்நாரின் வழியே கூரிய நுனியால் நேர்கோடு கீறினால் ஓலை பிளக்கும். மழுங்கிய நுனியோ எழுத்தைப் பதிக்காமல் வழுக்கும். நம் எழுத்துக்கள் வளைந்து நெளிந்து அமைந்தமைக்கும், பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமையால் நாம் இடர்ப்படுவதற்கும் ஓலையின் இயல்பே காரணம் என்பர். எழுதுவோர் இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடப் பெருவிரல் நகத்திலே ஆணியைத் தாங்கி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதினர். அப்போது ஆணி மயிரிழை அசைந்தாலும் எழுத்துக் கெடும். ஆகவே மூட்டின் செம்மை வெறும் கைத்திறன் அன்று. பாடத்தின் செம்மைக்கு முதற் காவல் அது.

"அப்படியானால் கொம்புப் பிடிதான் சிறந்தது, இல்லையா ஐயா?" என்றார்.

"ஆம் தம்பி. ஆனால் இதனால் எழுதிய ஏடு எங்கே?" என்றேன்.

அவருக்கு விடை தெரியவில்லை. பழம்பொருள் விற்பவரிடம் வாங்கினாராம். எந்த வீட்டது, எந்த ஊரது என்று அவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் மாணாக்கரைக் குறை கூறுதற்கு எனக்குத் தகுதி இல்லை. என் பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். என் பூட்டனார் ஏடெழுதுவோர். அவர் எழுதிய கந்தபுராணத்தில் ஒரு பகுதியும் வைத்திய ஏடுகளும் மூன்று கட்டுகளாக எங்கள் வீட்டுப் பெட்டகத்திற் கிடந்தன. அவருடைய மடக்கெழுத்தாணியும் உடன் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததை இந்நாட்டார் அறிவர். அன்று யான் இருபத்தைந்து வயதினன். புறப்படும்போது அம்மா, "ஏட்டுக் கட்டுகளை எடு" என்றார். அரிசியும் துணியும் குடமுமாகக் கை நிறைந்திருந்தது. "நினைவுக்கு இது போதும்" என்று சொல்லி எழுத்தாணியை மட்டும் மடியிற் செருகிக்கொண்டேன். செம்மணி வெளியில் மழையில் நின்று நின்று நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அது இடுப்பில் உறுத்திக்கொண்டே வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டு வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டகம் கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த ஆணி இன்றும் என்னிடம் இருக்கின்றது. மூட்டு ஆடுவதில்லை. பிடியில் ஒரு கீறலும் இல்லை. பொருத்தம் பார்ப்பவர் எவரும் குறை சொல்லார். ஆனால் அதனை விரிக்குந்தோறும், எழுதிய கையும் எழுதப்பட்ட பொருளும் இல்லாத கருவி எவ்வளவு ஊமையானது என்பது புலனாகின்றது. பூட்டனாருடைய எழுத்தின் சாய்வு எவ்வாறு இருந்தது என்பதைக்கூட இன்று யான் அறியேன்.

ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியபோதும், சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை வெளியிட்டபோதும், அவர்களுக்கு மூலமாய் நின்றவை பெயர் தெரியாத எழுத்தாளர் பலர் இத்தகைய ஆணிகளாற் கீறிய ஓலைகளே. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அங்ஙனம் இழந்த மக்கள் எஞ்சிய ஏட்டைப் பரணில் விட்டு, ஆணியை மட்டும் பட்டுத்துணியிற் பொதிந்து வைத்தல் தகுமோ?

சேர்ப்பவர் இல்லையேல் ஆணிகளும் பழைய இரும்போடு போய்விடும் என்பர். உண்மை. அவர்கள் காத்தவை பல. ஆகவே சேர்க்க வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. எதனைச் சேர்க்கின்றோம் என்று அறிந்து சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. 1908ஆம் ஆண்டிலே இந்நாட்டுக் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, அழகையும் பயனையும் பிரித்துக் காணலாகாது என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். எழுத்தாணியின் பயன் ஏடு. ஏட்டினின்று பிரித்த ஆணிக்குத் தந்தமும் வெள்ளியும் விலை கூட்டலாம், பொருள் கூட்டமாட்டா.

சேர்ப்போர்க்கும் வீட்டார்க்கும் சொல்லத்தக்கன சில. கறுத்த ஆணியைப் பளபளப்பாக்கும் பொருட்டுத் தேய்க்கற்க. தேய்த்தால் கொல்லன் வேலையின் சுவடும் எழுதினோன் கைத்தேய்வும் ஒருங்கே அழியும். நுனியைச் சாணையிலும் இடற்க. வாங்கும்போது எவர் வீடு, எந்த ஊர், என்ன எழுதினார் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வைக்க. ஆணியை விற்கவோ கொடுக்கவோ எண்ணுவோர் அதற்கு முன் பரணையும் பெட்டகத்தையும் ஒருமுறை பார்க்க. ஏடு கிடைத்தால் இரண்டையும் பிரிக்கற்க. நூலக நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்னுருவில் ஆவணப்படுத்தி வருகின்றனர். ஏட்டைப் படமெடுத்துக் காக்கும் வழி இன்று உண்டு. எங்கள் பெட்டகத்துக்கு அந்த வழி வாய்க்கவில்லை.

என் மாணாக்கர் கொம்புப் பிடி ஆணியைத் துணியிற் சுற்றித் தனியே எடுத்து வைத்தார். விற்றவரிடம் மீண்டும் சென்று வீட்டைக் கேட்கப்போவதாகச் சொன்னார். கேட்பாராக.

என் பூட்டனாருடைய ஆணியை நாவலர் வீதியிலுள்ள அருங்காட்சியகத்தார் ஏற்பரேல் கொடுத்துவிட எண்ணியுள்ளேன். உடன் வைக்க வேண்டிய குறிப்பையும் எழுதிவிட்டேன். வலிகாமத்து ஏடெழுதுவோர் ஒருவருடைய மடக்கெழுத்தாணி. இதனால் எழுதிய மூன்று கட்டு ஏடுகள் 1995ஆம் ஆண்டில் வீட்டிலே விடப்பட்டன. விட்டவர் அவருடைய பூட்டன் வழிப் பேரர் என்பதே அக்குறிப்பு.