அவர் நாடோடி அல்லர்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட உலகில் ‘ஜேர்ணிமன்’ என்றொரு சொல் வழங்குகின்றது. அணிவிட்டு அணி மாறி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரை அவ்வாறு அழைப்பர். ‘ஜேர்ணி’ பயணமாதலின், அதனை ‘நாடோடி’ எனத் தமிழாக்கத் தோன்றும். அது பிழை. ஒரு நாளையும் ஒரு நாள் வேலையையும் குறித்த பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்தது அது. பயிற்சி முடித்துத் தொழிலைக் கைவரப்பெற்று, தனக்கெனப் பட்டறையின்றிப் பிறர் பட்டறையில் நாட்கூலிக்கு உழைத்த கைவினைஞனே பண்டை ஐரோப்பாவில் அப்பெயர் பெற்றான். தொழில் தெரியாதவனுக்கு அது கிட்டாது. இன்று இச்சொல்லை ஏளனமாக வழங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இஷ் ஸ்மித் என்பாரை எடுத்துக்கொள்வோம். வட கரோலினா மாநிலத்துச் சார்லற் நகரிற் பிறந்தவர். ஆறடி உயரத்தவர், அவ்வாட்டத்தில் அது குள்ளம் என்க. 2010 ஆம் ஆண்டுத் தெரிவிலே 60 பேரை அணிகள் பெயர்கூறி அழைத்தபோது இவரை எவரும் அழைத்திலர். எனினும் அவ்வாண்டே ஹியூஸ்ரன் அணியிற் சேர்ந்தார். 2022 இல் டென்வர் அணிக்கு ஆடவந்தபோது அது அவருக்குப் பதின்மூன்றாவது அணி. தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் அதற்குமுன் எவரும் 12 அணிகளுக்கு மேல் ஆடியதில்லை. மறு ஆண்டு டென்வர் வாகை சூடியபோது அவரும் அவ்வணியில் இருந்தார், பெரும்பாலும் வாங்கிலேதான்.

பதின்மூன்று அணிகள் கைவிட்ட மனிதர் என்பர் சிலர். பதின்மூன்று அணிகள் வேண்டி அழைத்தவர் என்பேன் யான். பிலடெல்பியா அணி 2015 இல் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் 31 ஆட்டங்களில் ஒன்றிலேயே வென்றிருந்த அவ்வணி, தன் வருங்காலத் தெரிவுரிமைகள் இரண்டினைக் கொடுத்து அவரை நியூ ஓர்லியன்ஸ் அணியிடமிருந்து மீட்டுக்கொண்டது. அவர் வந்தாடிய முதல் ஆட்டத்திலேயே வென்றது. பருவ முடிவில் 82 ஆட்டங்களில் 10 வெற்றிதான். ஒருவர் வந்து மலையைப் புரட்டிவிடுவார் என யான் வாதிடவில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. ஓரணி தன் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை, அவர் சம்மதம் கேளாமலே மற்றோரணிக்கு மாற்றலாம். வீடு, பிள்ளைகளின் பள்ளி, அயலார் உறவு யாவும் ஒரு தொலைபேசிச் செய்தியோடு இடம்பெயரும். இடமாற்றக் கடிதம் பெற்ற ஆசிரியர்க்கு இது விளங்கும். எமக்காவது மேன்முறையீடு உண்டு. ஊதியம் பெரிதன்றோ என்பீர்கள். மெய்தான், கண்ணீர் சிந்த யான் அழைக்கவில்லை.

ஆனால் விதியைப் பாருங்கள். மாற்றத்தை மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பெறுவதற்குச் சங்கத்தில் எட்டு ஆண்டும், அவற்றுள் அதே அணியில் நான்கு ஆண்டும் ஆடியிருத்தல் வேண்டும். ஸ்மித் 14 பருவங்கள் ஆடினார். ஆயினும் டிற்றொயிற் அணியில் ஆடிய மூன்று பருவங்களே அவர் ஓரணியில் நிலைத்த மிக நீண்ட காலம். மிகுதியாக மாற்றப்பட்டவரே மறுக்கும் தகுதியை என்றும் அடையார் என்பது என்ன நியாயம்? ஓரணியில் நான்கு ஆண்டு என்பதை நீக்கி, எட்டாண்டு உழைப்பே போதும் என விதித்தால், அணி உரிமையாளர்க்கு என்ன குறைந்துவிடும்?