கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது எப்போது?

1453 மே 29 அன்று சுல்தான் இரண்டாம் மெகமதுவின் படை கான்ஸ்டான்டிநோபிளை வீழ்த்தியது என்றே படித்திருக்கிறோம். என்னைக் கேட்டால், அந்நகரம் 1204-லேயே வீழ்ந்துவிட்டது. 626-இல் அவார்களையும் 717–18-இல் அரபுப் படையையும் தடுத்து நின்ற நகரம் அது. 1204-இல் அதற்குள் புகுந்து சூறையாடியவர்கள், நகர மக்கள் வணங்கிய அதே கிறிஸ்துவை வணங்கிய சிலுவைப் போர்வீரர்கள். ஹாகியா சோபியா தேவாலயத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. அப்போது கொள்ளைபோன வெண்கலக் குதிரைச் சிலைகள் இன்றும் வெனிஸில்தான் இருக்கின்றன. 1261-இல் நகரின் பழைய ஆட்சியாளர்களான பைசாந்தியர் அதை மீட்டார்கள். ஆனால் பழைய செல்வத்தையும் வலிமையையும் மீட்க முடியவில்லை. அதனால்தான் 1453-இல் அவ்வளவு நீண்ட மதிலைக் காக்கச் சுமார் 7,000 பேரே மிஞ்சினார்கள். வரலாற்றுப் பாடங்கள் 1453-க்குத் தரும் இடத்தை 1204-க்கும் தர வேண்டும். நகரின் முதுகெலும்பை முறித்தது அந்த ஆண்டுதான்.