யார் கையில் கடவுச்சொல்?

“ஆபரேட்டர் வந்துட்டானா?” என்று கேட்கிற வாய்தான் “புரோகிராமர் வந்துட்டாரா?” என்றும் கேட்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் சி.என்.சி. லேத்தின் முன்னால் நின்ற எனக்கு இந்த ‘ன்’னும் ‘ர்’ரும் எங்கிருந்து வந்தன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த பட்டறையில் பாராமீட்டர் பக்கத்துக்குக் கடவுச்சொல் இருந்தது. அது முதலாளியின் சொந்தக்காரரான சூப்பர்வைசருக்கு மட்டுமே தெரியும். கேட்டால், “உனக்கெதுக்கு அதெல்லாம்? பட்டனை அமுக்கு.”

தெரியாதவன் கைவைத்தால் எந்திரம் கெட்டுவிடும் என்பது அவர்களது வாதம். சரி, தெரியவிடாமல் வைத்திருப்பது யார்? 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். மக்கள் எதிர்ப்பில் அடுத்த ஆண்டே அது போனது. ஆனால் கைக்கு ஒரு சாதி, மூளைக்கு ஒரு சாதி என்ற கணக்கு பட்டறைக்குள் அப்படியே இருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரையும் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார்.

இந்தப் பூட்டை உடைக்கும் கருவி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் சி.என்.சி. என்று பெயர். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் உருவாக்கிப் பொதுவில் விட்ட நிரலிலிருந்து வளர்ந்தது. 2011 வரை இ.எம்.சி. என்று அழைக்கப்பட்டது. கன்ட்ரோலர் செத்துப்போனதால் எடைக்குப் போடக் காத்திருக்கும் மில்லிங் மெஷினை, பிரிண்டருக்கான பேரலல் போர்ட் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்தே ஓடவைக்கலாம்.

பழைய கணினி என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பும் வேலைக்கு வேகத்தைவிட நேரம் தவறாமைதான் முக்கியம். ‘லேட்டன்சி டெஸ்ட்’ என்று ஒரு சோதனை இதிலேயே இருக்கிறது. ஜிட்டர் 20 மைக்ரோ வினாடிக்குள் நின்றால் அருமை, 100ஐத் தாண்டினால் இந்த வேலைக்கு ஆகாது. மின்சாரம் சேமிக்கிறேன் என்று நடுநடுவே தூங்கி வழியும் புதிய லேப்டாப்புகள் பல இதில் தோற்றுப்போகும். மூலையில் கிடக்கும் பழைய பெட்டி தேறும்.

அந்தப் பெட்டிக்குப் பாரமாக இருப்பது திரையின் படங்கள். அதை மட்டும் நெட்வொர்க் கேபிள் வழியே இன்னொரு கணினிக்குத் தள்ளிவிடலாம். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம் வீடுகளில் எத்தனை தூசி படிந்து கிடக்கிறது! மோட்டாரை ஓட்ட அது உதவாமல் போகலாம், திரையாக இருக்கத் தாராளமாக உதவும். படம் திக்கினாலும் வெட்டு திக்காது, ஏனென்றால் கணக்குப் போடுவது பழைய பெட்டிதான்.

தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்பும் தோழர்களோடு எனக்குச் சண்டை இருப்பது இங்கேதான். தொலைவிலிருந்து இயக்கும் வசதி இரண்டு பக்கமும் வெட்டும். இதே மென்பொருளில் லினக்ஸ்சிஎன்சி-ஆர்எஸ்எச் என்று ஒன்று உண்டு. டெல்நெட் மூலம் 5007ஆம் போர்ட்டில் நுழைந்து எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கலாம். ஆரம்பக் கடவுச்சொற்கள் இ.எம்.சி., இ.எம்.சி.டூ. மாற்றாமல் விட்டால் ஊருக்கே தெரிந்தவை. மாற்றினாலும் டெல்நெட்டில் அவை மறைக்கப்படாமல்தான் போகும். அவசர நிறுத்தத்தை விடுவித்து எந்திரத்தை மறுபடி உயிர்ப்பிக்கும் கட்டளையும் அதில் இருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஒருவர் அதைத் தட்டும்போது, இங்கே சக்குக்குள் இருப்பது யாருடைய கை? தொடாமலே வேலை வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிதா என்ன?

ஆகவே பட்டறைத் தொழிலாளர் சங்கங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை மென்பொருளோடு நிற்கவில்லை. கடவுச்சொல் எந்திரத்தின் முன் நிற்பவரிடம் இருக்க வேண்டும். அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் ஏறக்கூடாது. அவசர நிறுத்தப் பொத்தான் கணினியைக் கேட்டுக்கொண்டிருக்காமல் டிரைவுகளின் மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும், உங்கள் எந்திரத்தில் அந்தச் சிவப்புப் பொத்தானின் கம்பி எங்கே போய் முடிகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.