இவருக்குப் பதில் இவர்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரில் 2025 மே 31 அன்று நாயகரான ‘டாக்டர்’ மறுபடியும் மாறினார். ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா ஒளிப்பிழம்பாகி மறைய, அந்த இடத்தில் பில்லி பைப்பர் சிரித்தபடி நின்றார். 2005இல் இதே தொடரில் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவர் இவர். அடுத்த டாக்டர் இவர்தானா என்பதை முடிவில் ஓடிய பெயர்ப்பட்டியல்கூடச் சொல்லவில்லை. ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். பழைய முகத்தை வைத்துப் பழைய கூட்டத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. கட்வாவுக்கு இன்னும் இரண்டு வருடமாவது கொடுத்திருக்க வேண்டாமா என்றது இன்னொன்று.

இங்கிலாந்துக்காரர் சண்டை நமக்கெதற்கு என்று அரியலூர்ப் பக்கத்துத் திருமழபாடி வாசகர் கேட்கலாம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீட்டுக் கூடத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 8 அன்று ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து நடிகர் மாரிமுத்து இறந்துபோனார். அதில் அவர் நடித்த ஆதி குணசேகரன் என்ற அந்த அடாவடி மனிதரைத் தினமும் திட்டிக்கொண்டே பார்த்தவர்கள், சொந்தக்காரர் போனதுபோல் அழுதார்கள். சில வாரங்களில் அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப்பரம்பரை’ நாவலை எழுதியவர். ‘மதயானைக் கூட்டம்’, ‘சேதுபதி’ படங்களில் மிரட்டியவர். யாரோ எவரோ அல்ல. ஆனாலும் அவர் வாயைத் திறக்கும் முன்பே, “மாரிமுத்து மாதிரி வருமா?” என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்துவிட்டது.

அந்தக் கேள்வியில் தப்பில்லை. அதைக் கேட்கும் இடம்தான் தப்பு. ஒரு தொடரின் நாயகர் மாறும்போது ரசிகருக்கு வருத்தமும் சந்தேகமும் கோபமும் வர எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய முகவரி தயாரிப்பாளர், தொலைக்காட்சி, கதாசிரியர். அது பெரும்பாலும் புதிதாக வந்த நடிகர் தலையிலேயே விடிகிறது. அப்படி விடிவதற்கு, வாய் திறக்காமல் இருக்கும் நிறுவனங்களே முக்கியக் காரணம் என்பது நம் கருத்து.

‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. கால இயந்திரத்தில் ஏறி எந்த யுகத்துக்கும் போகிற வேற்றுக்கிரகவாசி அதன் நாயகர். (அந்த இயந்திரத்தில் 10 கோடி வருடம் பின்னால் போய் அரியலூரில் இறங்கினால் நனைந்துதான் போவார், அன்றைக்கு இங்கே கடல். சாத்தனூர்க் கல்மரமும் சுண்ணாம்புச் சுரங்கங்களும் சாட்சி.) முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். 1966இல் அவர் உடல்நிலை சரிந்தது. தொடரை மூடிவிட்டுப் போயிருக்கலாம். தயாரிப்பாளர் இன்னஸ் லாயிடும் கதைப் பொறுப்பாளர் ஜெரி டேவிஸும் வேறு வழி கண்டார்கள்: ஆள் வேற்றுக்கிரகத்தவர்தானே, உடம்பை மாற்றிக்கொள்ளட்டும். அந்த அக்டோபர் 29 அன்று தரையில் விழுந்த கிழவர் எழுந்தபோது பேட்ரிக் ட்ரௌட்டன் ஆகியிருந்தார்.

இன்று மேதைமை என்று புகழப்படும் அந்த ஏற்பாட்டை அன்றைய பார்வையாளர் எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. பிபிசி எடுத்த கருத்துக்கணிப்பில், புத்திசாலி விஞ்ஞானியை அரைவேக்காட்டுக் கோமாளியாக்கிவிட்டீர்களே என்ற புகாரும் பதிவானது. பிறகு நடந்தது இன்னும் சுவையானது. ட்ரௌட்டனின் அந்த முதல் கதையின் 6 பகுதிகளையும் பிபிசியே அழித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாடாவை மிச்சம்பிடிப்பது வழக்கம். ஒளிபரப்பானபோது வீட்டில் ஒலியை மட்டும் பதிவுசெய்து வைத்திருந்த ரசிகர்களால்தான், 2016இல் அதை அசைவூட்டப் படமாக மீட்க முடிந்தது. நிறுவனம் குப்பையில் போட்டதை ரசிகர் பெட்டியில் வைத்துக் காத்தார்.

ஆகவே ரசிகரின் உரிமைப் பேச்சை நாம் ஏளனம் செய்யவில்லை. 1989இல் நிறுத்தப்பட்ட இத்தொடரை 2005இல் உயிர்ப்பித்த ரஸல் டி டேவிஸ், சிறுவயதிலிருந்தே அதன் ரசிகர். 1974இல் பள்ளிப் பையனாக ‘ரேடியோ டைம்ஸ்’ இதழுக்குத் தொடரைப் பற்றிக் கடிதம் எழுதிய பீட்டர் கபால்டி, 2013இல் டாக்டராகவே அறிவிக்கப்பட்டார். அரைநூற்றாண்டு பார்த்தவருக்கு அதில் பங்கு உண்டு என்பதை யார் மறுப்பது? நம் ஊரிலும் மெகாத் தொடரை வாழவைப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்து பார்க்கிறவர்கள்தான்.

ஆனால் பங்கு கேட்கிறவர், பார்த்துவிட்டுக் கேட்கவேண்டும். 2009 ஜனவரியில் மாட் ஸ்மித்தை அறிவித்தபோது, 26 வயதுப் பையன் டாக்டரா என்றார்கள். பின்னாளில் அவரை விடக் கூடாது என்று அழுதவர்களில் அதே ஆட்களும் இருந்திருப்பார்கள். 2017 ஜூலை 16 அன்று விம்பிள்டன் இறுதிப் போட்டி முடிந்த கையோடு ஜோடி விட்டேக்கரை அறிவித்தார்கள். முதல் பெண் டாக்டர். ஒரு காட்சியும் ஒளிபரப்பாகாத நிலையிலேயே புகார் குவிந்து, பிபிசி எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டியதாயிற்று. முன்னாள் டாக்டர்களே எதிரெதிராக நின்றார்கள். பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விட்டதே என்று பீட்டர் டேவிசன் வருந்த, முன்மாதிரிக்கு ஆண் பெண் ஏது என்று காலின் பேக்கர் திருப்பிக் கேட்டார். 2018 அக்டோபர் 7 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானபோது, பிற்பாடு பார்த்தவர்களையும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர் பார்த்தார்கள். பெண் என்றால் பார்க்க ஆளிருக்காது என்ற ஆரூடம் அங்கேயே பொய்த்தது.

அதற்குப்பின் எண்ணிக்கை இறங்கியது என்பதையும் சொல்லவேண்டும். 2022 அக்டோபரில் விட்டேக்கர் விடைபெற்றபோது ஏறக்குறைய பாதிதான். ‘அப்போதே சொன்னோமே’ என்பவர்கள் அந்த இடைப்பட்ட வருடங்களில் கிறிஸ் சிப்னல் எழுதிய கதைகளை எடுத்துவைத்துப் பேசட்டும். டாக்டரின் பிறப்பு வரலாற்றையே மாற்றி எழுதிய 2020ஆம் வருடக் கதையில் விவாதிக்க நிறைய இருக்கிறது. எழுதிக் கொடுத்ததைப் பேசியவரின் பாலினத்தில் அதற்கான விடை இல்லை. கட்வாவுக்கும் இதேதான். கறுப்பர் என்பதால் வேண்டாம் என்றவர்களுக்கு நாம் பதில் சொல்லப்போவதில்லை. அது ரசனைப் பிரச்சினையே அல்ல.

பெண் ஆண் வேடம் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதுசா? 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தரம்பாள்; அதற்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாரதர். மறுபக்கம், பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் கட்டியதெல்லாம் பையன்கள். சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக மேடையேறியவர். டி.கே.சண்முகத்துக்கு ‘அவ்வை’ என்ற அடைமொழியே கிழவி வேடத்தால் வந்தது. அந்தக் கம்பெனிகளில் நாயகர் மாறுவது வருடாந்திர நிகழ்ச்சி. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், மறுநாள் அந்த வேடம் அடுத்தவனுக்கு. போன தடவை பாடியவன்போல் இவன் பாடவில்லை என்று ஜனங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். பிடிக்காவிட்டால் கூச்சலும் போட்டார்கள். இருந்தாலும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போட்ட கூச்சல் அது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. திருவாவடுதுறைக்குப் பக்கத்துச் சாத்தனூரில் (கல்மரச் சாத்தனூர் வேறு) மாடு மேய்த்த மூலன் செத்துக்கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று அழுததைப் பார்த்த யோகி ஒருவர் அந்த உடலுக்குள் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். அவர்தான் திருமூலர். மூலன் எழுந்ததும் பசுக்களுக்குச் சந்தோஷம். மனைவி மட்டும், வந்தவர் தன்னை விலக்குவதைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டாள். டாக்டர் கதைக்கு இது நேர்மாறு: அங்கே உயிர் பழசு, உடல் புதுசு, இங்கே உடல் பழசு, உயிர் புதுசு. அந்தப் பெண்ணின் முறையீட்டை நாம் குறை சொல்ல முடியாது. அருகிருந்து பழகியவளுக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஊராரும் அவளை விரட்டிவிடவில்லை. வந்து, அவரிடம் பேசி, இவர் வேறு நிலையில் இருப்பவர் என்று புரிந்துகொண்டு, அவளுக்கும் எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததே, அதுதான் இன்றைய தொடர்களில் இல்லாதது.

அந்தத் திருமூலரின் குருவான நந்திக்குத்தான் பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் கல்யாணம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கொள்ளிடம் தாண்டி வருகிறார், மணமகள் சுயசாம்பிகை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று கல்யாணமாகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்த கதை. தாலி கட்டும் குருக்களும் நாதஸ்வரக்காரரும் சீர்பாதம் தாங்கிகளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறார்கள். போனவர்போல் இவர் இல்லை என்று முணுமுணுக்க ஒரு பெரியவர் எப்போதும் இருப்பார். அதற்காகப் புதுக் குருக்களை யாரும் பந்தலை விட்டு இறக்குவதில்லை. அங்கே சுவாமி மாறவில்லையே, சுற்றியிருப்பவர்கள்தானே மாறுகிறார்கள் என்று எதிர்வாதம் வரலாம். நியாயம்தான், டிவி நடிகரை உற்சவமூர்த்தியாக்கச் சொல்லவில்லை. எதற்காக வந்தோமோ அது நடக்கிறதா என்று முதலில் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, அவ்வளவே.

இனி நம் தொலைக்காட்சிகளிடம் வருவோம். அவர்கள் செய்வது என்ன? முதல் நாள் ஒரு முகம், மறுநாள் இன்னொரு முகம், திரையின் கீழே ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி. முன்னவர் ஏன் போனார் என்பது மர்மம். சம்பளப் பேச்சா, சினிமா வாய்ப்பா, பிரசவமா, தகராறா? நிறுவனம் சொல்லாத இடத்தில் வதந்தி உட்கார்ந்துகொள்கிறது. வந்தவள் போனவளைத் தள்ளிவிட்டாள் என்று முடிகிறது. 2021இல் ‘பாரதி கண்ணம்மா’வில் ரோஷினி ஹரிப்பிரியன் விலகி வினுஷா தேவி வந்தபோது, ஒப்பீட்டுப் பேச்சு முழுவதையும் தாங்கியது புதியவர்தான். 2020 டிசம்பரில் நடிகை சித்ராவின் மரணத்துக்குப்பின், அவர் நடித்துவந்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக வந்த காவ்யா அறிவுமணிக்கு இன்னும் சங்கடமான நிலைமை. ஒரு துக்கத்தின் நடுவில் போய் நின்று சிரித்து நடிக்கவேண்டியிருந்தது.

போதாததற்கு, புதியவரைப் பழையவரின் நகலாக்கும் வேலையும் நடக்கிறது. அதே புடவை, அதே பொட்டு, அதே வசனம். மாரிமுத்துவின் ‘இந்தாம்மா ஏய்’ அவர் உடம்பிலிருந்தும் தேனிப்பக்கத்துப் பேச்சிலிருந்தும் வந்தது. பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தியிடம் அதையே எதிர்பார்த்தால் இரண்டு பேருக்கும் அவமரியாதை. ட்ரௌட்டன் பிழைத்ததே ஹார்ட்னெல்போல நடிக்காததால்தான். கிழவரின் கண்டிப்பை விட்டுவிட்டு, புல்லாங்குழல் ஊதும் ஒரு விளையாட்டுக்காரரைக் கொண்டுவந்தார். அந்தச் சுதந்திரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தது கதைக்குழு.

தொலைக்காட்சிகள் மூன்று காரியம் செய்யவேண்டும். விலகியவரின் காரணத்தை, அவர் சம்மதித்த அளவுக்கு, தங்கள் வாயால் சொல்லவேண்டும். புதியவருக்குப் பழைய வசனத்தைத் திணிக்காமல், ஒரு மாதமாவது அவர் உடல்மொழிக்கு ஏற்ப எழுதவேண்டும். முடிந்த இடத்தில், போகிறவரே வந்து வருகிறவரை அறிமுகப்படுத்தட்டும்; விளம்பர இடைவேளையில் அரை நிமிடம் குறைத்தால் ஆகிற காரியம். ரசிகர்களும் அந்த ஒரு மாதத்தைக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகத் திட்டலாம். நடிப்பு மோசமென்றால் நடிகரை, கதை மோசமென்றால் இயக்குநரையும் வசனகர்த்தாவையும். அவர்கள் பெயரும் தினமும் திரையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.