ஆடி மாசத்துல மட்டும் அப்கிரேட் பண்ணுங்க அண்ணாச்சி!

தென்காசிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரங்க யாரையாவது தெரியுமா மக்களே? தெரிஞ்சா இந்தப் பதிவை அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. ஊருக்குப் போறப்பல்லாம் எனக்கு வர்ற புகார் ஒண்ணுதான். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, புது வெர்ஷன் போட்டதுல இருந்து எடிட்டிங் சாப்ட்வேர் படுத்துது. என்னன்னு பாருங்களேன்." நான் எழுதுறது பேங்க் மென்பொருள். எடிட்டிங்குக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனா சாப்ட்வேர்னு பேர் இருந்தா எல்லா நோய்க்கும் நாமதானே டாக்டர் :-)

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கருத்து வந்துடுச்சு. இந்த விஷயத்துல தப்பு பெரும்பாலும் அண்ணாச்சிகள் மேல இல்லை, எங்க இனத்து மேலதான்.

ப்ராஜெக்ட் ஃபைல்னு சொல்றோமே, அதுக்குள்ள வீடியோவே கிடையாது. எந்த கிளிப்பை எங்க வெட்டணும், எங்க நாதஸ்வரம் வரணும், எங்க டிசால்வ் போடணும்கிற குறிப்புகள்தான் இருக்கும். சமையல் குறிப்பு மாதிரின்னு வச்சுக்குங்க. எடுத்த வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா தூங்கும். திறக்காமப் போறது, மூணு வாரம் ராத்திரி கண் முழிச்சுப் பண்ணின வேலை. பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல நின்னு "ஆல்பம் எப்ப, வீடியோ எப்ப"ன்னு கேக்கறப்ப இதையெல்லாம் விளக்க முடியுமா?

பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள்ல புது வெர்ஷன் பழைய ப்ராஜெக்டைத் திறக்கும். ஆனா திறந்து, மாத்தி, சேவ் பண்ணிட்டா அது பழைய வெர்ஷனுக்குத் திரும்பாது. ஒருவழிப் பாதை. சில சமயம் அந்த ஒரு வழியும் கிடையாது. 2011 ஜூன் 21ல ஆப்பிள் பைனல் கட் ப்ரோ எக்ஸ்னு ஒண்ணை விட்டாங்க. விலை 299 டாலர். அதுக்கு முந்தின பைனல் கட் ப்ரோ 7ல பண்ணின ப்ராஜெக்ட் எதுவும் அதுல திறக்காது! மல்டிகேம் வசதியும் இல்லை. மூணு கேமரா வச்சு முகூர்த்தம் எடுக்கிறவன் என்ன பண்ணுவான்? கூடவே பழசை விக்கறதையும் நிறுத்திட்டாங்க. உலகம் முழுக்க எடிட்டர்கள் கொந்தளிச்ச பிறகு பழசைத் திரும்ப விக்க ஆரம்பிச்சாங்க. மல்டிகேம் வந்தது 2012 ஜனவரியில. அதுக்குள்ள நிறைய பேர் பிரீமியருக்குத் தாவிட்டாங்க.

அந்த பிரீமியர் கதையையும் கேளுங்க. அதோட ப்ராஜெக்ட் ஃபைலைப் பிரிச்சுப் பார்த்தா, சுருக்கி வச்ச எக்ஸ்.எம்.எல். தான். உள்ளே வெர்ஷன் எண் ஒரு வரியில இருக்கும். அந்த எண்ணை மட்டும் குறைச்சுப் பழைய வெர்ஷன்ல திறக்கிற வித்தை எடிட்டர்கள் மத்தியில ரொம்ப வருஷமாப் பிரபலம். எப்பவும் பலிக்காது, ஆனா பல நேரம் பலிக்குது. அப்ப பூட்டு எவ்வளவு சின்னதுன்னு பார்த்துக்குங்க. அதே அடோபியோட ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல, முந்தின வெர்ஷனுக்கு ஏத்த மாதிரி ஒரு நகல் சேவ் பண்ற வசதி இருக்கு. மனசு வச்சா முடியும்னுதானே அர்த்தம்?

"உனக்கென்ன, ஈஸியா சொல்லிட்ட. பழைய வெர்ஷனையும் தாங்கிட்டே இருந்தா செலவு எவ்வளவு தெரியுமா"ன்னு என் சக பொட்டிதட்டிகள் சண்டைக்கு வருவீங்க. தெரியும் சாமி, நானும் அந்த மீட்டிங்ல உக்காந்திருக்கேன். பழசைக் கட்டிட்டு அழ முடியாதுதான். புது கேமராக்காரன் 10 பிட் எச்.265ல எடுத்துத் தள்ளுறான், பழைய சாப்ட்வேர் அதைப் பார்த்து முழிக்குது. அதனால அப்கிரேடே வேண்டாம்னு நான் சொல்லலை. நாம மிச்சம் பிடிக்கிற செலவை ஒரு சின்ன ஸ்டுடியோ தலையில கட்டறோம்கிறதை மறக்க வேண்டாம்னுதான் சொல்றேன். தாலி கட்டறதுக்கு ரீடேக் கிடையாது. அதை வெட்டி ஒட்டின உழைப்பு அவங்களுடையது. அதைத் திறக்கிற சாவி மட்டும் நம்ம கையில இருக்கறது நியாயமா?

நாம திருந்தற வரைக்கும் அண்ணாச்சிகளுக்கு என் யோசனை இது. ஆடியில முகூர்த்தம் கிடையாது. ஊரே குற்றாலத்துக்குச் சாரல்ல நனையப் போயிருக்கும். கையில இருக்கிற பழைய ஆர்டரை எல்லாம் முடிச்சுக் கொடுத்துட்டு அப்ப அப்கிரேட் பண்ணுங்க. கடையநல்லூர்ப் பக்கம் நிக்காஹ் எடுக்கறவங்களுக்கு ரமலான் மாசம் தோது. பழைய வெர்ஷனை உடனே தூக்காதீங்க, பக்கத்துலயே இருக்கட்டும். ப்ராஜெக்டை நகல் எடுத்து, நகலை மட்டும் புதுசுல திறங்க.

அப்பவும் மக்கர் பண்ணினா விண்டோஸைத் திரும்பப் போடறதுதான் நம்மாளுங்க செய்ற முதல் வேலை. அது கடைசி வேலை சாமிகளா! முதல்ல கேஷ் ஃபைல்களை அழிங்க. அடுத்து கிராபிக்ஸ் கார்டு டிரைவர் புதுசான்னு பாருங்க. பிறகு வெளியில வாங்கிப் போட்ட பிளக்கின்களை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டுத் திறங்க. அதுவும் சரிப்படலைன்னா ஒரு வெறும் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு, பழசை அதுக்குள்ள இம்போர்ட் பண்ணுங்க. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும், இல்லேன்னா எது சரி பண்ணிச்சுன்னே தெரியாது.

எல்லாம் சரியாயிடுச்சான்னு சோதிக்க ஐந்தருவி கிளிப் ஒண்ணை வச்சுக்குங்க. கேமரா வீடியோவைச் சுருக்கறப்ப, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எது மாறுதோ அதைத்தான் முக்கியமா எழுதி வைக்கும். மணவறைப் பின்னாடி இருக்கிற ஜோடனை அசையாது, அதனால அது சுலபம். விழுற தண்ணியில ஒவ்வொரு ஃப்ரேமும் புதுசு. அருவி திக்காம ஓடிச்சுன்னா ரிசப்ஷன் வீடியோ பெரும்பாலும் ஓடும்.

உங்க ஊர் ஸ்டுடியோக்கள்ல என்ன நிலவரம்? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. பொட்டிதட்டிகள் திட்டறதா இருந்தாலும் அங்கேயே திட்டலாம் :-)